காப்பகத்துல எடுத்த 2,300 போட்டோவ எதுல வைக்கிறது: ஷீட்டா, ஜோட்டெரோவா, ட்ரோப்பியா?

எங்க அம்மாயி, பந்தியில யாராச்சும் அவசர அவசரமா அள்ளிப் போட்டா “தாது வருசத்துலருந்து எந்திரிச்சு வந்தவனாட்டம் திங்கறான் பாரு”ன்னு சொல்லும். அது ஏதோ திட்டுன்னுதான் ரொம்ப நாள் நெனச்சிட்டு இருந்தேன். 1876 சித்திரையில பொறந்து 1877 பங்குனியில முடிஞ்ச தாது வருஷம், அந்தப் பஞ்சம் 78 வரைக்கும் இழுத்துச்சு, சேலம் ஜில்லா அதுல ரொம்ப அடிபட்ட எடம்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. ஆத்தூர்ப் பக்கம் அந்த ரெண்டு வருஷத்துல என்ன நடந்துச்சுன்னு ஊர் வரலாறு மாதிரி ஒண்ணு எழுதலாம்னு எறங்கி, லீவு போட்டு நாலு தடவ ஆவணக் காப்பகத்துக்குப் போய், அனுமதி வாங்கி போன்ல போட்டோ எடுத்து, இப்ப கையில 2,300 சொச்சம் படம் இருக்கு. இத எதுல அடுக்கி எதுல படிக்கிறதுன்னு மூணு நாலு வழி மாத்தி மாத்திப் பாத்து, ஒரு வருஷம் போயிடுச்சு. அந்த ஒரு வருஷம் உங்களுக்காவது மிச்சமாகட்டும்னு எழுதறேன்.

எல்லாரும் மொதல்ல கேக்கறது, காப்பகத்துக்கு எதுக்குப் போகணும், எல்லாம்தான் ஆன்லைன்ல கெடைக்குதேன்னு. பாதி நெசம். வில்லியம் டிக்பிங்கற பத்திரிகைக்காரர் 1878லயே எழுதுன பஞ்ச வரலாறு ரெண்டு வால்யூமும் இன்டர்நெட் ஆர்க்கைவ்ல இருக்கு, காசு வேண்டாம். ஆஸ்திரேலியாவோட ட்ரோவ் சைட்ல அந்தக் காலத்துப் பேப்பர் ஏராளம், மெட்ராஸ் பஞ்சத்துக்கு அங்க நிதி திரட்டுன சேதியெல்லாம் வருது. சிங்கப்பூரோட நியூஸ்பேப்பர்எஸ்ஜியும் ஃப்ரீ. பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் சந்தா கட்டணும். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தோட அபிலேக் படல் 2015லருந்து இருக்கு, அதுல முக்கால்வாசி நேரம் ஃபைலோட தலைப்பு வரிதான் நமக்கு உபயோகம், ஆனா அந்த ஒரு வரியே ஒரு நாள் அலைச்சல மிச்சம் பண்ணும்.

இதுல எங்க ஏமாறுவோம்னா, தேடுற வார்த்தையில. நான் மொத வாரம் முழுக்க ‘ஃபேமின்’, ‘சேலம்’னு அடிச்சுத் தேடி, 1876 கடைசி வரைக்கும் ஒண்ணுமே இல்லையேன்னு ஒக்காந்திருந்தேன். ஆபீசருங்க ஆரம்பத்துல அந்த வார்த்தையவே எழுத மாட்டாங்க, ‘ஸ்கேர்சிட்டி’, ‘டிஸ்ட்ரெஸ்’, ‘ஸ்டேட் ஆஃப் த சீசன்’, இப்படித்தான் தலைப்பு வைப்பாங்க, ஃபேமின்னு எழுதிட்டா கவர்மெண்டு பணத்த எறக்கணுமே. அதே மாதிரி ஊர் பேரு. திருநெல்வேலி டின்னெவெல்லி, திருச்சி ட்ரிச்சினோபோலி, நாகப்பட்டினம் நெகபட்டாம். சேலம் மட்டும் நல்லவேளையா சேலம்தான், ஆனா அன்னிக்கு சேலம் ஜில்லான்னா இன்னிக்கு இருக்கற தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் சேந்ததுன்னு மனசுல வெச்சுக்கணும், இல்லேன்னா கணக்கு முழுக்க தப்பாப் போகும். சுருக்கமா, டேட்டாபேஸ்ல தேடி ஒண்ணும் வரலேன்னா ஒண்ணும் இல்லேன்னு அர்த்தம் கெடையாது. ஆன்லைன்ல ரெண்டு வாரம் தேடி, எந்தத் துறை, எந்த மாசம்னு ஒரு சீட்டு எழுதிக்கிட்டு அப்புறம் காப்பகத்துக்குப் போனா, அங்க இண்டெக்ஸ் பொரட்டற நேரம் பாதியாக் கொறையும். நான் அத உல்டாவா பண்ணேன், மொதல்ல போனேன், அப்புறம்தான் தேடுனேன்.

சரி, போட்டோ எடுத்தாச்சு. இப்ப மேட்டருக்கு வருவோம்.

மொத வழி எல்லாரும் பண்றதுதான், கூகுள் ட்ரைவ்ல ஃபோல்டர் போட்டு, பக்கத்துல ஒரு ஷீட். இத மட்டமாப் பேசறவங்களப் பாத்தா எனக்குக் கோவம் வரும், ஏன்னா பத்துப் பேருல எட்டுப் பேருக்கு இது போதும். இதே மாதிரி ஊர் வரலாறு தேடற எங்க கூட்டத்துல ஒரு ரிட்டயர்ட் வாத்தியார் இருக்காரு, லேப்டாப்பே கெடையாது, போன்லயே ஷீட்ட தொறந்து தெனம் இருபது வரி ஏத்திடுவாரு. வேற எந்த சாஃப்ட்வேரும் அவரு கையில நிக்காது. 15 ஜிபி ஃப்ரீ, என் படமெல்லாம் சராசரி 4 எம்பி, 2,300 படம்னா 9 ஜிபி சொச்சம், அடங்கிடும். ஆனா அந்த 15ல ஜிமெயிலும் சேத்திதான்ங்கறத மறந்துடாதீங்க, எனக்கு ஒருநாள் மெயில் வரதே நின்னு போச்சு.

ஷீட்ல, அதுவும் எக்ஸெல்ல தொறந்தா, பிரச்சனை எங்க வரும்னா, பழைய காலத்துத் தேதியும் காசும். எக்ஸெல்லுக்கு 1900க்கு முன்னாடி ஒலகமே கெடையாது, 12-2-1877ன்னு போட்டா அத வெறும் எழுத்தாத்தான் வெச்சுக்கும், வரிசைப்படுத்துனா மாசம் மாசமா நிக்காம 1ல ஆரம்பிக்கறது எல்லாம் ஒரு பக்கம், 2ல ஆரம்பிக்கறது இன்னொரு பக்கம்னு நிக்கும். அதனால வருஷம் மொதல்ல, 1877-02-12ன்னு எழுதுங்க, எழுத்தாவே இருந்தாலும் வரிசை சரியா விழும். அதவிட மோசம் காசு. மூணு ரூபா எட்டணா நாலு பைய (பைங்கறது அணாவுக்கும் கீழ இருந்த சின்னக் காசு) அந்தக் காலத்துக் கணக்குல 3-8-4ன்னுதான் எழுதியிருப்பாங்க, அத அப்படியே அடிச்சு என்டர் தட்டுனா எக்ஸெல் அத 2004ஆம் வருஷத் தேதியா மாத்திடும். எங்க வாத்தியார் அதே மாதிரி நாப்பது வரி ஏத்தி வெச்சிருந்தாரு, கஞ்சித்தொட்டிச் செலவு முழுக்க காலண்டர் ஆயிடுச்சு. காசு போடற கட்டத்தயெல்லாம் மொதல்லயே ப்ளெய்ன் டெக்ஸ்ட்டுன்னு மாத்திட்டு, ரூபா தனி, அணா தனி, பை தனின்னு மூணு கட்டமாப் பிரிச்சுட்டா கூட்டலும் வரும், 12 பை ஒரு அணா, 16 அணா ஒரு ரூபா.

இன்னொண்ணு. வெலை. பஞ்ச ரிப்போர்ட்ல அரிசி சேர் இத்தன ரூபான்னு இருக்காது, ஒரு ரூபாய்க்கு இத்தன சேர்னு இருக்கும். அப்படின்னா நம்பர் கொறைய கொறைய வெலை ஏறுதுன்னு அர்த்தம். நான் ஆசையா ஒரு கிராஃப் போட்டு, பஞ்சத்துல வெலை எறங்குதேன்னு அஞ்சு நிமிஷம் முழிச்சேன். சேரும் ஊருக்கு ஊர் வேற அளவு. அதனால ஷீட்ல ‘பக்கத்துல எழுதியிருக்கறபடி’ன்னு ஒரு கட்டம், ‘நான் மாத்துனபடி’ன்னு ஒரு கட்டம், ரெண்டும் இருக்கணும், மூலத்த அழிச்சிட்டு மாத்துனத மட்டும் வெச்சா அப்புறம் சரிபாக்க வழியே இல்ல.

ஆனா ஷீட்டால செய்யவே முடியாதது ஒண்ணு இருக்கு. ஒரு கடிதம்னா ஒரு படம் கெடையாது. கலெக்டர் எழுதுனது பதினோரு பக்கம், அதோட ஒட்டுனது ஒரு தாசில்தார் ரிப்போர்ட், அதுக்குள்ள ஒரு அட்டவணை, அதுக்கு மேல ரெவின்யூ போர்டு போட்ட குறிப்பு. ஃபோல்டர்ல பாத்தா எல்லாம் ஐஎம்ஜி நாலாயிரத்தி சொச்சம்னு வரிசையா நிக்கும், எது எங்க முடிஞ்சுது எது எங்க ஆரம்பிச்சுதுன்னு ஒவ்வொரு தடவையும் தொறந்து பாக்கணும்.

ரெண்டாவது ஜோட்டெரோ. இத சீக்கிரம் முடிச்சிடறேன், ஏன்னா இது தப்பான எடத்துல மாட்டிக்கிட்ட நல்ல பொருள். புத்தகம், கட்டுரை, பிடிஎஃப், மேற்கோள், அடிக்குறிப்பு, இதுக்கெல்லாம் இத அடிச்சுக்க ஆள் கெடையாது, 2006லருந்து இருக்கு, காசு வேண்டாம். காப்பகம் பேரு, அதுல எந்த எடம்னு போடறதுக்கும் கட்டம் வெச்சிருக்கான். ஆனா போட்டோ அடுக்கறதுக்கு அத செய்யல. பதினோரு படத்த ஒரு கடிதத்துக்குக் கீழ தொங்க விடலாம், தொங்கத்தான் செய்யும், ஒவ்வொண்ணா தொறந்து மூடணும். அவங்க ஃப்ரீயா குடுக்கற எடமும் 300 எம்பிதான், என் கணக்குல எழுபத்தஞ்சு படத்தோட மூச்சு நின்னுடும். தீசிஸ் எழுதறவங்க, அச்சுப் புத்தகம் நூறு நூத்தம்பது வெச்சு எழுதறவங்க கண்ண மூடிக்கிட்டு எடுங்க. காப்பகப் படத்துக்கு வேண்டாம்.

மூணாவது ட்ரோப்பி. ஜோட்டெரோவ செஞ்ச அதே அமெரிக்கப் பல்கலைக்கழக மையம்தான், ஜார்ஜ் மேசன்ல இருக்கறவங்க, 2017ல இதயும் விட்டாங்க. இது இந்த ஒரே வேலைக்குன்னே செஞ்சது, காப்பகத்துல எடுத்த போட்டோவ அடுக்க. ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும். என்ன பண்ணும்னு ஒரு கடிதத்த வெச்சே சொல்றேன்.

1877 பிப்ரவரி, நெவாரண வேலைக் கூலி பத்தின ஒரு கடிதம், பதினோரு பக்கம். பதினோரு படத்தையும் செலக்ட் பண்ணி மெர்ஜ் குடுத்தா ஒரே உருப்படி ஆயிடும். அதுக்கு ஒரு தடவ துறை, ஜி.ஓ. எண், தேதி, யார்கிட்டருந்து யாருக்குன்னு போட்டா போதும், பதினொண்ணுக்கும் சேத்தி. ஒரே வால்யூம்ல எடுத்த இருநூறு படத்தையும் மொத்தமா பிடிச்சு வால்யூம் நம்பர ஒரே தட்டுல ஏத்தலாம், இந்த ஒண்ணுக்காகவே நான் இதுக்கு மாறுனேன்னு சொல்லலாம். ஏழாவது பக்கத்துல தாலுகாவாரியா ஒரு அட்டவணை, அதுல ஆத்தூர் வரிய மட்டும் கட்டம் கட்டி வெட்டி அதுக்குன்னு தனிக் குறிப்பு எழுதிக்கலாம், மூலப் படம் அப்படியே இருக்கும். மை மங்கிப் போன பக்கத்துக்கு வெளிச்சம், கான்ட்ராஸ்ட் ஏத்திப் பாக்கலாம், நெகட்டிவ் ஆக்கிப் பாக்கலாம், அதுவும் மூலத்தத் தொடாது. பின்பக்க எழுத்து முன்பக்கம் ஊறித் தெரியற தாளுக்கு நெகட்டிவ் போட்டுப் பாருங்க, சில சமயம் கண்ணுக்கு எதிர்ல எழுத்து எந்திரிச்சு வரும்.

அப்புறம் டேக். 1877 ஜனவரியில இந்திய கவர்மெண்டு அனுப்பி வெச்ச ரிச்சர்ட் டெம்பிள்ங்கற ஆபீசர் வந்து, நெவாரண வேலை செய்யற ஆம்பளைக்குக் குடுத்த கூலிய, ஒரு பவுண்டு தானியத்துக்கான காசும் கூடக் கொஞ்சம் சில்லறையுமா கொறச்சாரு. ஒரு பவுண்டுன்னா அரைக் கிலோவுக்கும் கம்மி, அத வெச்சுக்கிட்டு நாள் முழுக்க மண்ணு வெட்டணும். மெட்ராஸ் சானிட்டரி கமிஷனரா, அதாவது சுகாதார அதிகாரியா இருந்த கார்னிஷ் இது உயிர் வாழப் பத்தாதுன்னு சண்டை போட்டாரு. இந்தச் சண்டை ஒரே ஃபைல்ல இருக்காது, ரெவின்யூல கொஞ்சம், சானிட்டரியில கொஞ்சம், ஜில்லாக் கடிதத்துல கொஞ்சம்னு செதறிக் கெடக்கும். நான் பாக்கற எடத்துலயெல்லாம் ‘கூலிக் கொறப்பு’ன்னு தமிழ்லயே டேக் போட்டுக்கிட்டே வந்தேன், ஆறு மாசம் கழிச்சு அத அமுக்குனா 38 உருப்படி தேதி வாரியா வந்து நிக்குது. தமிழ்ல தேடறதுக்கு டேக்தான் நல்லது, ஏன்னா குறிப்புல ‘பஞ்சம்’னு தேடுனா ‘பஞ்சத்துல’யும் ‘பஞ்சத்தால’யும் மாட்டாது, நம்ம மொழி அப்படி.

கொறை இல்லாம இல்ல. போன் ஆப் கெடையாது. ரெண்டு பேரு ஒரே நேரத்துல ஒரே ப்ராஜெக்ட்ல வேலை செய்ய முடியாது, எங்க வாத்தியார் இதுக்குள்ள வரவே முடியல. படத்த அது உள்ள வாங்கிக்காம எங்க இருக்குன்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்கற வகையில ப்ராஜெக்ட் போட்டிருந்தா, ஃபோல்டர நகத்துன அன்னிக்கு எல்லாப் படமும் ‘காணோம்’னு நிக்கும். எனக்கு ஹார்ட் டிஸ்க் மாத்தும்போது நின்னுச்சு, அன்னிக்கு ராத்திரி தூக்கம் போச்சு, அப்புறம் கன்சாலிடேட்னு ஒரு வசதி தேடிப் பிடிச்சு சேத்துக் குடுத்துச்சு. புது வெர்ஷன்ல படத்தையும் சேத்து உள்ள வைக்கற வகை இருக்கு, மொதல்லயே அதப் போட்டுக்கோங்க, எடம் கொஞ்சம் தின்னும், தின்னட்டும்.

அடுக்கறது ஒரு வேலைன்னா படிக்கறது இன்னொரு வேலை. இங்கிலீஷ் அச்சுப் பக்கத்துக்கு, ட்ரைவ்ல படத்த ஏத்தி கூகுள் டாக்ஸ்ல தொறந்தா எழுத்தாக் குடுத்துடும், பத்தி பத்தியா இருந்தா கிட்டத்தட்ட சரியா வரும், அட்டவணை வந்தா கொழம்பும், நம்பர் பக்கத்து வரிக்குத் தாவும். அட்டவணைய கையாலதான் ஏத்தறேன். இதே வேலைய செய்யற டெஸராக்ட்ங்கற சாஃப்ட்வேர் நெட் இல்லாம ஓடும், ஓப்பன் சோர்ஸ், தமிழும் உண்டு, ஆனா கருப்புத் திரையில கமாண்ட் அடிக்கப் பயப்படாதவங்களுக்கு.

தமிழ் அச்சுதான் தனிக் கதை. பஞ்சத்தப் பத்தி கும்மிப் பாட்டெல்லாம் சின்னச் சின்னப் புத்தகமா வந்திருக்கு, அந்த மாதிரிப் பழைய அச்சப் படிக்க வெச்சா என்ன ஆகும்னா, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னாடி இருந்த ணை, லை, ளை, னையும் ணா, றா, னா வகையறாவும் சேத்து பதிமூணு எழுத்து வேற உருவத்துல இருக்கும், தும்பிக்கை வெச்ச லை நாம சின்ன வயசுல வீட்டுப் பழைய புக்ல பாத்திருப்போமே அதுதான். அங்கெல்லாம் மெஷின் தடுமாறும். அதவிட வேடிக்கை நம்பர். ௧௮௭௭ன்னு தமிழ் எண்ணுல வருஷம் போட்டிருந்தா அது ‘கஅஎஎ’ன்னு படிச்சுக் குடுக்கும், தப்பு சொல்லவும் முடியாது, பாக்க அப்படித்தானே இருக்கு. வருஷத்துக்கு ௵, மாசத்துக்கு ௴னு போட்டிருந்தா என்ன வரும்னு அதுக்கே தெரியாது. அதுக்குள்ள ‘தாது௵ தை௴’ன்னு ஒரு வரி வந்தா நாம அவசரத்துல 1876னு போட்டுடுவோம், தை வரும்போது இங்கிலீஷ் காலண்டர்ல 1877 பொறந்துருக்கும். அறுபது வருஷ சுத்துங்கறதால 1816, 1936, 1996 எல்லாமே தாதுதான், அதனால வெறும் ‘தாது’ன்னு தேடி வந்தத நம்பிடாதீங்க.

கையெழுத்துக்கு ட்ரான்ஸ்க்ரிபஸ்னு ஒண்ணு இருக்கு, ஆஸ்திரியாவுல இன்ஸ்ப்ரூக்ல இருந்து வந்தது, கிரெடிட் கணக்கு, நெறைய ஏத்துனா காசு. 19ஆம் நூற்றாண்டு இங்கிலீஷ் கையெழுத்துக்கு ஏற்கனவே பழக்கி வெச்ச மாடல் இருக்கு. நம்ம ஆளு ஒருத்தரோட கையெழுத்துக்குன்னு தனியாப் பழக்கணும்னா 5,000லருந்து 15,000 வார்த்தை நாமளே சரியாப் படிச்சு எழுதிக் குடுக்கணும்ங்கறாங்க. என்கிட்ட கையெழுத்துப் பக்கம் மொத்தமே 140, அதுவும் ஏழெட்டுப் பேரு எழுதுனது, பழக்கற நேரத்துல படிச்சே முடிச்சிடலாம், முடிச்சுட்டேன். ஒரே கிளார்க் எழுதுன ஆயிரம் பக்கம் உங்ககிட்ட இருந்தா அப்ப இது பொன்னு.

இப்ப பல பேரு போட்டோவ சாட்பாட் கிட்ட குடுத்துப் படிக்கச் சொல்றாங்க. நானும் குடுத்தேன். சொகமாப் படிக்கும், அதான் ஆபத்து. ஓட்டை விழுந்து பாதி போன ஒரு தாலுகா பேர, ஓட்டைன்னு சொல்லாம, பொருத்தமா வேற ஒரு தாலுகா பேரப் போட்டு நெரப்பிக் குடுத்துச்சு. வாக்கியம் வழுவழுன்னு இருந்ததால நான் ரெண்டு மாசம் கவனிக்கல. படத்த எழுத்தா மாத்தற பழைய ஓசிஆர் தப்பு பண்ணா பாத்ததும் தெரியும், குப்பையா இருக்கும், இது பண்ற தப்பு அழகா இருக்கும். மொத வாசிப்புக்கு வெச்சுக்கோங்க, பேரும் நம்பரும் மட்டும் படத்தப் பாத்து நீங்களே.

ஆக நான் இப்ப எப்படி வெச்சிருக்கேன்னா, படம் முழுக்க ட்ரோப்பியில, நம்பரும் ஊர்ப் பேரும் கூகுள் ஷீட்ல, ஒவ்வொரு வரிக்கும் கடைசிக் கட்டத்துல ட்ரோப்பியில இருக்கற அதே ஜி.ஓ. குறிப்பு. ரெண்டையும் கட்டற கயிறு அந்தக் குறிப்புதான். ஜோட்டெரோவுல அச்சுப் புத்தகம் மட்டும். நீங்க தனியாளு, ஐநூறு படத்துக்கு மேல, லேப்டாப் இருக்குன்னா ட்ரோப்பி. கூட்டமா செய்யறீங்க, பாதிப் பேரு போன்லன்னா ஷீட், யோசிக்கவே வேண்டாம். நூறு நூத்தம்பது படம்தான்னா ஃபோல்டருக்கு ஒழுங்காப் பேரு வெச்சாலே போதும், சாஃப்ட்வேர் கத்துக்கற நேரத்துக்கு இன்னொரு தடவ காப்பகம் போயிட்டு வந்துடலாம். ஆங், படத்த ஒருத்தருக்கொருத்தர் வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பாதீங்க, சுருக்கிடும், ஃபைல் பேரும் போயிடும், டாக்குமெண்டா அனுப்புங்க.

எதுல வெச்சாலும் தீராத ஒண்ணு என்கிட்ட இருக்கு. மொத தடவ போனப்ப அவசரத்துல வால்யூமோட முதுகையும் மொத பக்கத்தையும் எடுக்க மறந்துட்டேன், நேரா உள்ள பக்கத்துக்குப் போயிட்டேன். இப்பல்லாம் ஒவ்வொரு கட்டுக்கும் மொதல்ல கேட்டு வாங்குன சீட்டு, அப்புறம் முதுகு, அப்புறம் தலைப்புப் பக்கம், அதுக்கப்புறம்தான் உள்ள. அன்னிக்கு எடுத்ததுல 63 படம் ட்ரோப்பியில ‘எங்கேயோ’ன்னு ஒரு லிஸ்ட்ல கெடக்கு, எந்த வால்யூம், எந்தத் துறை, ஒண்ணும் தெரியாது. அதுல ஆத்தூர்ப் பக்கத்து ஜனங்க, நெவாரண வேலைய நிறுத்தாதீங்கன்னு குடுத்த மனு ஒண்ணு இருக்கு, மொத்த 2,300ல எனக்கு அதுதான் ஒசத்தி, ஆனா எங்கருந்து எடுத்தேன்னு சொல்ல முடியாததால கட்டுரையில போட முடியல. பக்க ஓரத்துல பென்சில்ல 214னு ஒரு நம்பர் மட்டும் தெரியுது. அடுத்த மாசம் ரெண்டு நாள் லீவு சொல்லியிருக்கேன், 1877 ரெவின்யூ வால்யூமா எடுத்து 214ஆம் பக்கத்தப் பொரட்டிக்கிட்டே வரணும்.